மரியா மொண்டிசோரி அம்மையார்: ஆசிரியர்களுக்கு ஆசிரியை



நம் நாட்டிலே மூன்று வயது நிறைந்த பிள்ளையைப் பாலர் பாடசாலைக்கு அனுப்பும் தாய்மார் பலர், பிள்ளை மொண்டிசோரிக்குப் போகிறது என்றுதான் சொல்வார்கள். சின்னச் சப்பாத்தும் தண்ணீர்ப் போத்தலுமாகப் பிள்ளை போகும் அந்த இடத்தின் பெயர் ஒரு பெண்மணியின் குடும்பப் பெயர் என்பதை உங்களிற் பலர் அறிவீர்கள். ஆனால் அந்த அம்மையார் தமது முறையை முதன்முதலிற் கண்டுகொண்டது பைத்தியகாரர் விடுதியில் அடைத்து வைக்கப்பட்டிருந்த பிள்ளைகளிடத்திலே என்பதை அறிந்தவர்கள் சிலரே. அவர் முதன்முதல் நடத்திய ஆசிரிய பயிற்சியும் அத்தகைய பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் போகும் ஆசிரியர்களுக்காகவே நடந்தது. அவருடைய சரித்திரத்தை இவ்வாரம் அந்தப் பக்கத்திலிருந்து பார்ப்போம்.

மரியா மொண்டிசோரி 1870ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆந் திகதி, இத்தாலியில் அங்கோனா நகருக்கு அண்மையிலுள்ள கியாறவல்லே என்னும் ஊரிற் பிறந்தார். பாப்பரசரின் ஆட்சியிலிருந்த உரோமாபுரி இத்தாலிய அரசோடு சேர்க்கப்பட்டதும் அதே ஆண்டிலேதான். தந்தையார் அலெஸ்ஸாந்துறோ அரசாங்க உத்தியோகத்தர். தாயார் றெனில்தே ஸ்தொப்பானி, அக்காலத்துப் பெண்களிடையே அதிகம் படித்தவர். நூல்கள் வாசிப்பதிற் பெருவிருப்பம் உடையவர். ஒரே பிள்ளையான மரியாவுக்கு ஐந்து வயதளவில் குடும்பம் உரோமாபுரிக்குக் குடிபெயர்ந்தது.

பதின்மூன்று வயதில் ஆண்பிள்ளைகள் படிக்கும் தொழினுட்பப் பாடசாலைக்குப் போனார். எந்திரவியலாளராக வரவேண்டும் என்பது முதல் ஆசை. பின்பு வைத்தியம் படிக்க மனங்கொண்டார். தந்தையாருக்கு அது பிடிக்கவில்லை; தாயார் மகளின் பக்கம் நின்றார். உரோமாபுரிப் பல்கலைக்கழகத்தில் ஆண் மாணவரோடு சேர்ந்து பிரேதத்தை அறுத்துப் பார்ப்பது பெண்ணுக்குத் தகாது என்று விதித்தபடியால், மற்றவர்கள் போனபின் மாலை வேளைகளில் தனியே நின்று அந்த வேலையைச் செய்ய நேர்ந்தது. 1896இல் வைத்தியப் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதற் பெண் வைத்தியர் இவரே என்று பல நூல்களில் எழுதியிருக்கக் காண்பீர்கள். அது சரியல்ல, அவருக்கு முன்னும் சில பெண்கள் அங்கே வைத்தியராகியிருந்தனர். இல்லாத பெருமையை ஏற்றிச் சொல்ல வேண்டிய தேவை இவருக்கு இல்லை.

1897இல் பல்கலைக்கழக மனநோய்ச் சிகிச்சைப் பிரிவில் உதவி வைத்தியராகச் சேர்ந்தார். சிகிச்சைக்கு ஏற்ற நோயாளரைத் தெரிவதற்காக நகரத்துப் பைத்தியகாரர் விடுதிகளுக்குப் போய்வர வேண்டியிருந்தது. மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கு வேறிடம் இல்லாமையால் அவர்களையும் அக்காலத்தில் அங்கேதான் போட்டு வைத்திருந்தார்கள். அப்படியான ஓர் அறையைப் பற்றி ஒரு சம்பவம் சொல்லப்படுவதுண்டு. சாப்பாடு முடிந்ததும் இந்தப் பிள்ளைகள் நிலத்தில் விழுந்து கிடக்கும் பாண் துணுக்கைகளைத் தேடிப் பொறுக்குவார்கள் என்று காவற்காரி அருவருப்போடு முறையிட்டாளாம். அம்மையார் அறையைச் சுற்றிப் பார்த்தார். பிள்ளைகள் கையிலே பிடித்துப் பார்ப்பதற்கு அங்கே ஒரு பொருளும் இல்லை. கைகளுக்கு வேலை தேடித்தான் பிள்ளைகள் அந்தத் துணுக்கைகளைப் பொறுக்கினார்கள் என்று அவருக்கு விளங்கியது. காவற்காரி கண்டதையே வைத்தியரும் கண்டார். பார்த்த கண் வேறு. பிற்காலத்தில் அவர் ஆசிரியர்களுக்கு எதைப் பழக்க முயன்றாரோ அது இந்தக் கண்ணைத்தான்.

அன்று முதல் இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டியது மருந்தைவிடக் கல்வியே என்ற எண்ணம் அவருக்கு உறுதிப்பட்டது. முன்னே யாராவது முயன்றிருக்கிறார்களா என்று தேடினார். பிரான்சில் 1800ஆம் ஆண்டளவில், காட்டிலே அகப்பட்ட ஒரு சிறுவனைப் பல வருடம் பொறுமையோடு பழக்கிய இத்தார் என்னும் வைத்தியரின் நூல் கிடைத்தது. அவருடைய மாணாக்கரான செகேன், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கென்று பாடசாலை நடத்தி, பின் அமெரிக்காவுக்குச் சென்று 1880இல் இறந்தவர். செகேனின் பெரிய நூலை அம்மையார் இத்தாலிய மொழியிலே தம் கையால் முதலிலிருந்து கடைசிவரை எழுதினார். எழுதும்போது ஒவ்வொரு சொல்லின் பாரமும் மனதிற் படியும் என்பதற்காகவே அப்படிச் செய்தார்.

1898இல் தூரின் நகரில் இத்தாலிய ஆசிரியர்களின் பெரிய மாநாடு கூடியது. அங்கே எழுந்து, கைவிடப்பட்ட இந்தப் பிள்ளைகளுக்குத் தனி வகுப்புகளும் தனி விடுதிகளும் வேண்டும் என்றும், எல்லாவற்றுக்கும் முதலில் அவர்களுக்குக் கற்பிக்கத் தெரிந்த ஆசிரியர்களை ஆயத்தம் செய்ய வேண்டும் என்றும் பேசினார். அப்பேச்சு நாடெங்கும் பரவியது.

வாசகர்களே, அதே 1898ஆம் ஆண்டைப் பற்றி இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அவ்வருடம் மார்ச் 31ஆந் திகதி அம்மையாருக்கு மாரியோ என்னும் ஆண்குழந்தை பிறந்தது. தகப்பன் அவரோடு வேலைசெய்த வைத்தியர் மொந்தெசானோ. திருமணம் நடக்கவில்லை. செய்தி வெளியானால் மகளின் தொழிலும் பேரும் அழிந்துபோகும் என்று அஞ்சிய குடும்பத்தார் குழந்தையை நாட்டுப்புறத்துக் குடும்பமொன்றில் வளர விட்டனர். சிறிது காலத்தில் மொந்தெசானோ வேறொரு பெண்ணை மணம் முடித்தார். தாய் இடையிடையே போய் மகனைப் பார்த்து வருவார். தாம் இன்னார் என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஊரார் பிள்ளைகளுக்காக மேடையேறிய பெண், தம் பிள்ளையைத் தூர நின்று பார்த்த ஆண்டுகள் அவை. இதைக் கொண்டு அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவோர் உண்டு. அக்காலத்துச் சமுதாயம் அப்படியான தாய்க்கும் பிள்ளைக்கும் என்ன இடம் வைத்திருந்தது என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்ப்பது நல்லது.

1900இல் உரோமாபுரியில், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் நலனுக்கான தேசிய சங்கம் ஓர் ஆசிரிய பயிற்சிக் கலாசாலையைத் திறந்தது. அம்மையாரும் மொந்தெசானோவும் அதன் இணைத் தலைவர்கள். முதல் வகுப்பில் 64 ஆசிரியர்கள் சேர்ந்தனர். உளவியல், நரம்பு மண்டலத்தின் அமைப்பு, மனவளர்ச்சி குன்றுவதற்கான காரணங்கள், கற்பிக்கும் விசேட முறைகள் எல்லாம் அங்கே படிப்பிக்கப்பட்டன. கலாசாலையோடு சேர்ந்து பிள்ளைகளின் வகுப்பும் இருந்தது. பைத்தியகாரர் விடுதிகளிலிருந்தும், படிக்க ஏலாதவர்கள் என்று சாதாரண பாடசாலைகள் கைவிட்டவர்களிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். பயிற்சி பெறுவோர் தாம் படித்ததைப் பிள்ளைக்கு முன்னால் நின்று பரிசோதிக்க வேண்டும். ஒரு பிள்ளையின் முகத்தையும் பாராமலே விசேட கல்வி பற்றிப் பரீட்சை எழுதிச் சித்தியடையும் வழி அங்கே இருக்கவில்லை.

அம்மையாரும் மேற்பார்வையோடு நின்றுவிடவில்லை. காலை எட்டு மணி தொடக்கம் மாலை ஏழு மணி வரை தாமே பிள்ளைகளுக்குக் கற்பிப்பார். இரவில் அன்று கண்டவற்றை எழுதி, ஒப்பிட்டு, மறுநாளுக்கு வேண்டிய பொருட்களை ஆயத்தம் செய்வார். அந்த இரண்டு வருட உழைப்பையே தமது முதலாவதும் உண்மையானதுமான ஆசிரியப் பட்டமாக அவர் கடைசிவரை கருதினார்.

அங்கே நடந்த ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். பதினொரு வயதளவான ஒரு பிள்ளை. கையிலே பெலன் உண்டு, ஆனால் தையல் வரவில்லை. ஊசியை மேலும் கீழும் மாறிமாறி விட்டுக் கிழிசலை இழையோட்டுவதை எத்தனை முறை காட்டியும் பயனில்லை. அம்மையார் ஊசியை அப்பால் வைத்துவிட்டு, பாலர் வகுப்புகளிற் செய்வது போலக் கடதாசிக் கீற்றுகளை மேலும் கீழுமாகக் கோத்துப் பாய் பின்னக் கொடுத்தார். அதிலே பிள்ளைக்கு விருப்பம் பிடித்தது. சில காலத்தின் பின் மீண்டும் ஊசியைக் கொடுத்தபோது ஒழுங்காக இழையோட்டத் தொடங்கியது. தையலைத் திரும்பத் திரும்பத் தைக்கச் சொல்லிப் பழக்கவில்லை; அந்தக் கையசைவை வேறொரு விளையாட்டினால் முன்கூட்டியே ஆயத்தம் செய்து வைத்தார். இதையே எழுத்துக்கும் பிரயோகித்தார். மரத்தில் அழகாகச் செதுக்கி நிறந்தீட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் எழுதும் போக்கிலே தடவிவரச் செய்தார். விரல் பழகியபின் பென்சிலைப் பிடிப்பதுதான் மீதி.

நம்மிடம் ஏடு தொடக்கும்போது பச்சையரிசியிலே பிள்ளையின் விரலைப் பிடித்து அகரம் எழுதுவிக்கும் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். அந்த ஒருநாட் சடங்கில் உள்ள அறிவை அம்மையார் ஒவ்வொரு நாளுக்கும் உரிய பாடமாக்கினார் என்று சொல்லலாம்.

அப்பிள்ளைகளிற் சிலர் எழுத வாசிக்கக் கற்று, பொதுப் பாடசாலையில் மற்றப் பிள்ளைகளோடு பரீட்சைக்கு இருந்து சித்தியடைந்தார்கள். ஊரே வியந்தது. அம்மையாருக்கோ வேறொரு கவலை பிறந்தது. விடுதியிலிருந்து வந்த பிள்ளைகள் சுகதேகிகளான பிள்ளைகளுக்குச் சமமாக வந்துவிட்டார்கள் என்றால், அந்தச் சுகதேகிகளை இத்தனை கீழே பிடித்து வைத்திருப்பது எது என்பதே அந்தக் கவலை.

ஆசிரியர் எப்படி இருக்கவேண்டும் என்பதிலும் அவர் செகேனைப் பின்பற்றினார். அக்காலத்து விடுதிகளில், குன்றிய பிள்ளைக்குக் கற்பிப்பவர் தாமும் அந்த மட்டத்துக்கு இறங்கிவிட வேண்டும் என்றும், அழகற்ற சூழலே அவர்களுக்குப் போதும் என்றும் எண்ணினர். ஆசிரியரும் காலப்போக்கில் சோர்ந்து மங்கிப்போவர். செகேன் இதற்கு நேர்மாறு. ஆசிரியரின் உடை, குரல், அசைவு எல்லாம் பிள்ளையை ஈர்க்கக்கூடியனவாக இருக்கவேண்டும். மேடையேறும் நடிகர் தம்மை ஆயத்தப்படுத்துவது போல ஆசிரியர் தம்மை ஆயத்தப்படுத்த வேண்டும் என்பது அவர் கொள்கை. அம்மையார் இதை அனுபவத்தாற் கண்டார். செகேனின் உபகரணங்கள் பல விடுதிகளில் தூசு படிந்து கிடந்தன. அவை பயன்தரவில்லை என்று அங்கிருந்தோர் சொல்வார்கள். அதே உபகரணங்கள் அவர் கையிலே பயன்தந்தன. பிள்ளைகளை எழுப்பியது மரத்துண்டுகள் அல்ல, அவர்களை நம்பி அழைத்த தமது குரலே என்று அவர் எழுதி வைத்திருக்கிறார்.

1901இல் அம்மையார் அக்கலாசாலையை விட்டு விலகி, மீண்டும் மாணவியாகப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். பின் 1906இல் ஓர் அழைப்பு வந்தது. உரோமாபுரியின் சன் லொறென்சோ பகுதியில் ஏழைத் தொழிலாளர்கள் குடியிருந்த மாடிக் கட்டிடங்களைத் திருத்திய நிறுவனம், தாய் தகப்பன் வேலைக்குப் போனபின் படிக்கட்டுகளில் ஓடித்திரிந்து சுவரைப் பாழாக்கும் சிறுவர்களை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் தேடியது. சுவரைக் காப்பதற்காக எழுந்த யோசனை அது! 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆந் திகதி, மூவிராசாக்கள் திருநாளன்று, முதலாவது குழந்தைகள் வீடு அங்கே திறக்கப்பட்டது. மூன்று வயது முதல் ஆறு வயது வரையான ஐம்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஒரே அறையில் இருந்தார்கள்.

அங்கே அமர்த்தப்பட்ட முதல் ஆசிரியை அக்கட்டிடத்து வாயிற்காவலரின் மகள். ஆசிரிய பயிற்சி பெறாதவர். அம்மையாருக்கு அது வசதியாகவே இருந்தது. பிள்ளைகளைப் பேசாமல் இருத்தி, கரும்பலகையின் முன் நின்று முழங்கும் பழக்கம் ஒட்டாத ஒருவர் கிடைத்தாரே! பொருட்களை எப்படிக் கொடுப்பது என்று காட்டினார். பிள்ளை வேலை செய்யும்போது குறுக்கிடாமல் என்ன நடக்கிறதென்று பார்த்துச் சொல்லும்படி கேட்டார். விடுதிப் பிள்ளைகளுக்காகச் செய்த உருளைக் கட்டைகளும், வண்ணப் பலகைகளும், தடவும் எழுத்துகளும் இப்போது இங்கே வந்தன. மரத்தில் எழுத்துச் செதுக்க ஆள் கிடையாமையால் மண்கடதாசியிலே வெட்டி மட்டையில் ஒட்டிய எழுத்துகள் உண்டாயின. அவை மரத்தைவிட நல்லனவாய் அமைந்தன.

ஒரு வேறுபாட்டையும் அவர் குறித்துக்கொண்டார். குன்றிய பிள்ளையை ஆசிரியர் விடாமல் அழைத்து, ஊக்கி, கூடவே நடத்த வேண்டும். மற்றப் பிள்ளையோ பொருளைக் கண்டதும் தானே தொடங்கித் தானே பிழை திருத்திக்கொள்ளும். பத்துக் குழிக்குப் பத்து உருளை. ஒன்றை மாறி வைத்தால் கடைசியில் ஒன்று மிஞ்சி நிற்கும். யாரும் வந்து பிழை என்று சொல்லத் தேவையில்லை.

வாசகர்களே, இங்கே சற்று நின்று யோசியுங்கள். நாற்பது பிள்ளைகளும் ஒரே பாடத்தை ஒரே நேரத்தில் கேட்டு ஒரே வாயாற் சொல்லும் வகுப்பில், காது மந்தமான பிள்ளையும் நாக்குத் தடக்குகிற பிள்ளையும் அரைமணிக்குள் வெளியே தெரிந்துவிடுவார்கள். மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். அடுத்த தவணைக்கு அந்தப் பிள்ளை வராது. வீட்டுப் பின்பக்கத்திலே வளரும். ஒவ்வொரு பிள்ளையும் தன் தன் பாயை விரித்துத் தன் வேலையைச் செய்யும் அறையில், மூன்று வயதும் ஆறு வயதும் கலந்திருக்கும் அறையில், பிந்தி நடக்கும் பிள்ளையும் ஒருவராக இருந்துவிடலாம். எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கவேண்டும் என்று இன்று பேசுவோர் தேடும் வகுப்பு ஏறக்குறைய இதுதான். அதற்கு ஆசிரியர் வேறுவிதமாகப் பழக வேண்டும்: பேச்சைக் குறைக்க, பார்வையைக் கூர்மையாக்க, காத்திருக்க.

1908 டிசெம்பர் 28ஆந் திகதி மெசீனா நகரைப் பூகம்பம் அழித்தது. பெற்றோரை இழந்து, தம் பெயரைத்தானும் சொல்லமுடியாமற் பேச்சடங்கிப்போன பிள்ளைகளை, நம் நாட்டிலும் பணிபுரியும் மரியாளின் பிரான்சிஸ்கு மறைபரப்புச் சபைக் கன்னியர் உரோமாபுரியிலுள்ள தங்கள் மடத்தில் ஏற்றார்கள். அங்கேயும் ஒரு குழந்தைகள் வீடு அமைந்தது. மேசை ஒழுங்கு செய்தல், பூச்செடிக்கு நீர் வார்த்தல், கோப்பை கழுவுதல் என்று சிறு வேலைகளால் அப்பிள்ளைகள் மெல்ல மெல்லப் பசியையும் தூக்கத்தையும் சிரிப்பையும் திரும்பப் பெற்றனர். அம்மடத்தில் ஆசிரிய பயிற்சியும் நடந்தது.

1909இல் சித்தா தி கஸ்தெல்லோ என்னும் ஊரில், பிரபு பிறாங்கெத்தியின் மாளிகையில் தமது முறையைக் கற்பிக்கும் முதற் பயிற்சியை நடத்தினார். அவ்வாண்டிலேயே நூலும் வெளிவந்தது. 1913இல் உரோமாபுரியில் நடந்த சர்வதேசப் பயிற்சிக்குப் பல நாட்டார் வந்தனர். அவ்வருடம் அமெரிக்காவுக்குப் போனபோது, கண்ணும் காதும் இழந்தும் கற்றுத்தேறிய ஹெலன் கெல்லரைச் சந்தித்தார். ஒருவர் விரலால் உலகத்தைப் படித்தவர். மற்றவர் விரலால் எழுத்தைப் படிப்பித்தவர்.

பார்சலோனாவிலே அம்மையார் பிள்ளைகளுக்கென்று ஒரு சிறு ஆலயம் அமைக்கச் செய்தார். பிள்ளைகள் கோதுமை விதைத்து, திராட்சை நட்டு, பூசைக்கு வேண்டிய அப்பமும் இரசமும் எப்படி வருகின்றன என்பதைத் தம் கையாலே அறிந்துகொண்டனர். நம் ஞானோபதேச வகுப்புகளில் செய்து பார்க்கத் தகுந்த காரியம் இது.

இவரிடம் குறை இல்லையா? உண்டு. ஆசிரியர்களைப் பயிற்றும் உரிமையை நெடுங்காலம் வேறெவருக்கும் கொடாது தம் கையிலேயே வைத்திருந்தார். அதனாற் பயிற்சி பெற்றோர் தொகை சுருங்கியது, செலவு ஏறியது. ஏழைப் பிள்ளைகளிடத்திற் பிறந்த முறை பல நாடுகளில் வசதியுள்ளோரின் பாலர் பாடசாலையாக முடிந்தது. குன்றிய பிள்ளைகளுக்கான கல்விக்கும் அவர் முழுநேரமாகத் திரும்பி வரவில்லை. முசோலினியின் ஆதரவைச் சில ஆண்டுகள் ஏற்றுக்கொண்டதும் உண்மை. பின் மனம் முறிந்து, 1934இல் இத்தாலியில் அவர் பாடசாலைகள் மூடப்பட்டன. 1936இல் உள்நாட்டுப் போர் மூண்டதும் ஸ்பெயினை விட்டு ஒல்லாந்து சென்றார்.

1939இல் மாரியோவுடன் சென்னைக்கு வந்தார். தாயார் இறந்தபின், 1913ஆம் ஆண்டளவிலே மகனைத் தம்மிடம் சேர்த்துக்கொண்டிருந்தார். ஆனால் உலகத்துக்கு மருமகன் என்றும் வளர்ப்புப் பிள்ளை என்றுமே காட்டிவந்தார். அடையாற்றில் பிரமஞான சபையாரின் வளவில் பயிற்சி நடந்தது. அங்கே தங்கியதைக் கத்தோலிக்கர் சிலர் குறைகூறினர். கொட்டிலிலே முந்நூறுக்கு மேற்பட்டோர் இருந்து கேட்டனர். அம்மையார் இத்தாலிய மொழியிற் பேச, மாரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பார். 1940 யூனில் இத்தாலி போரில் இறங்கியதும் பிரித்தானிய அரசு மாரியோவைத் தடுப்பு முகாமுக்கு அனுப்பியது. அம்மையார் வளவை விட்டு வெளியேற முடியாது. அவ்வருடம் ஆகஸ்ட் 31ஆந் திகதி, அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு, இராசப்பிரதிநிதியிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாட் பரிசாக மகனை விடுதலை செய்து அனுப்புவதாக அதிற் கண்டிருந்தது. நாற்பத்திரண்டு வருடமாக அவர் வெளியிற் சொல்லாத உறவுமுறையை அரசாங்கத் தந்தி பகிரங்கமாகச் சொல்லிவிட்டது.

போர்க்காலத்திற் கொடைக்கானலில் தங்கி, பல வயதுப் பிள்ளைகள் கலந்து படிக்கும் பாடசாலை நடத்தினார். அங்கே அவருக்குத் துணையாக இருந்தவர்களில் இலங்கையரான லீனா விக்கிரமரத்னவும் ஒருவர். 1944இல் அம்மையார் கொழும்புக்கு வந்தும் பயிற்சி அளித்தார். மொண்டிசோரி என்ற சொல் நம் வீட்டுச் சொல்லானது இப்படித்தான். அவர் பயிற்சியில் ஒவ்வொருவரும் எல்லாப் பொருட்களையும் தாமே கையாண்டு, தம் கையால் எழுதிப் படம் வரைந்த கைந்நூலை ஆக்கவேண்டும். பிள்ளைகளைப் பல மணிநேரம் பேசாமல் இருந்து பார்க்கவேண்டும். மூன்று மாதச் சான்றிதழை வாங்கிக்கொண்டு பெயர்ப்பலகை மாட்டுவோர் இதைக் கவனிப்பார்களாக.

1952 மே 6ஆந் திகதி ஒல்லாந்தில் நோர்த்வைக் என்னும் கடற்கரை ஊரில் காலமானார். அவ்வூர்க் கத்தோலிக்கச் சேமக்காலையில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் எழுதிவைத்த மரணசாசனத்தில் மாரியோவைத் தம் மகன் என்றே குறிப்பிட்டிருந்தார்.

அவர் விட்டுச்சென்ற பாதி வேலையை மற்றவர்கள் எடுத்தார்கள். 1968இல் மூனிச் நகரத்துக் குழந்தை வைத்தியர் ஹெல்புறுக்கே, ஊனமுற்ற பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளும் ஒரே அறையிலிருந்து மொண்டிசோரி முறையிற் கற்கும் பாலர் பாடசாலையைத் தொடங்கினார். 1970இல் அது பாடசாலையாக வளர்ந்தது. இத்தாலியிலோ 1977இல் வந்த சட்டம் தனி வகுப்புகளை நீக்கி, பிள்ளைகள் எல்லோரையும் பொது வகுப்பில் இருத்தி, அங்கே துணையாசிரியரை நியமித்தது. 1898இல் தூரினில் அம்மையார் கேட்ட தனி வகுப்புகள் அத்தோடு முடிந்தன; பயிற்றப்பட்ட ஆசிரியர் வேண்டும் என்று அவர் கேட்டதோ முன்னரிலும் அவசரமாயிற்று. அடுத்த ஆண்டு, 1978இல், அந்நாட்டுப் பைத்தியகாரர் விடுதிகளை மூடுவதற்கான சட்டமும் நிறைவேறியது.